துக்க வீட்டுத் தட்டுகள்

டென்னி ப்ரூயிட்டின் உடல் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்கு முன்பே அவன் வீட்டுக்குச் சாப்பாடு வந்து சேர்ந்துவிட்டது. அலபாமாவின் கேலவே ஊரில் அப்படித்தான். சாவுச் செய்தி சர்ச்சுப் பெண்களின் ஃபோன்களில் ஒரு சுற்று வருவதற்குள் யாராவது ஒருத்தி மக்கரோனியை அடுப்பில் ஏற்றியிருப்பாள். அலுமினிய ட்ரேயில் சீஸ் உருகிய மக்கரோனி, இன்னொன்றில் வறுத்த கோழி, மற்றொன்றில் சர்க்கரைப்பாகு தடவிய பன்றித் தொடை. கூடவே அடுக்கு அடுக்காகத் தெர்மாகோல் தட்டுகள், பிளாஸ்டிக் டம்ளர்கள், டம்ளரில் அவரவர் பெயரை எழுத ஒரு பேனா. எல்லாம் தூக்கி எறியக்கூடியவை. துக்க வீட்டில் எவரும் பாத்திரம் கழுவக் கூடாது. யாருடைய கிண்ணம் யாருக்குத் திரும்பிப் போகவேண்டும் என்று யோசிக்கக்கூடக் கூடாது. அது அந்த ஊரின் எழுதாத சட்டம்.

கோரின் டிஸ்டேலுக்கும் அந்தச் சட்டம் தெரியும். அவளுடைய அம்மா இறந்தபோது அந்தச் சட்டம்தான் அவளைத் தாங்கியது. ஆனால் அந்த வாரம் முழுவதும் தன் கை தண்ணீரில் நனையவே இல்லை என்பது அவள் நினைவில் தங்கவில்லை. பின்வாசலில் மலைபோல் குவிந்து, வெயிலில் நாறிக்கொண்டு கிடந்த கறுப்புக் குப்பைப் பைகள்தான் தங்கின.

டென்னி ஏசி மெக்கானிக். யாரோ ஒருவர் வீட்டுத் தரைக்கு அடியில், குழாய்களுக்கு நடுவே ஊர்ந்துகொண்டிருந்தபோது நெஞ்சு நின்றுவிட்டது. ஆகஸ்ட் மாதம். அலபாமாவில் ஆகஸ்ட் மாதம் ஏசி மெக்கானிக்குக்கு ஓய்வென்பதே கிடையாது. அவன் மனைவி ட்வைலாவும் கோரினும் ஒரே பள்ளிப் பேருந்தில் ஒரே இருக்கையில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சிலும் ஒரே பெஞ்சு.

கோரின் இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருந்தாள். பெயர் ‘கோரினின் கொடிக்கயிறு’. மகள் வின்னிக்குக் கைக்குழந்தையில் உடம்பெல்லாம் தடித்துச் சிவந்தபோது, கடைச் சோப்பைத் தூக்கிப்போட்டுவிட்டு வீட்டிலேயே சோப்புத்தூள் செய்யத் தொடங்கினாள். அங்கிருந்து ஆரம்பித்தது. பிறகு காகிதத் துண்டுக்குப் பதில் பழைய படுக்கை விரிப்பைக் கிழித்துத் தைத்த கைக்குட்டைகள், உலர்த்தும் இயந்திரத்துக்குப் பதில் கொல்லையில் கொடிக்கயிறு, காய்கறித் தோலுக்கு உரக்குழி. ஒவ்வொன்றையும் படம் பிடித்து எழுதினாள். நம்பித்தான் எழுதினாள். ஊரில் அவளைக் கேலி செய்யாதவர் கிடையாது.

“அவ வீட்டுக்கு சளி புடிச்சுப் போயிடாதீங்க. மூக்கு சிந்தத் துணி குடுப்பா, அப்புறம் அதையே துவைச்சு அடுத்த ஆளுக்குக் குடுப்பா” என்று கோரினின் கணவன் ராய்ஸே மரலாரி ஓட்டும் நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பான்.

ட்வைலா மட்டும் சிரித்ததில்லை. கைக்குட்டை தைக்க விரிப்புகள் கொடுத்தவள் அவள்தான். அந்தப் பக்கத்தை யாருமே படிக்காத காலத்தில் படித்தவளும் அவள்தான். பின்னாளில் ஊர் பேர் தெரியாத ஆயிரக்கணக்கான பெண்கள் வந்து சேர்ந்த பிறகும், காலையில் பதிவைப் போட்டதும் கோரின் முதலில் தேடுவது ட்வைலாவின் பெயரைத்தான். ‘இத நானும் செஞ்சு பாக்குறேன்டீ’ என்று ஒரு வரி கீழே வந்து விழும். அது வந்த பிறகுதான் அவளுக்குக் காபி இறங்கும்.

சாதாரணமாக அடக்கம் முடிந்து சாப்பாடு சர்ச்சுக் கூடத்தில்தான் நடக்கும். அந்த வாரம் கூடத்தில் ஏசி வேலை செய்யவில்லை. புதன்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தவன் டென்னி. அவன் செவ்வாய்க்கிழமை போய்விட்டான். ஆகவே சாப்பாடு ட்வைலா வீட்டிலேயே என்று முடிவானது. துக்கச் சாப்பாட்டுக்கெல்லாம் பொறுப்பு மிஸ் ஆர்டெல்லா. எழுபது வயதைத் தாண்டியவள். அந்த ஊரில் பாதிப்பேரின் வீட்டுச் சாவுக்கு அவள் பன்றித் தொடை வேகவைத்திருக்கிறாள். கோரின் அவளைக் கூடத்துச் சமையலறையில் பிடித்தாள்.

“மிஸ் ஆர்டெல்லா, இந்தத் தடவை தெர்மாகோல் வேணாமே.”

“பின்ன, கையில வாங்கியா திங்கிறது?”

“அலமாரியில பீங்கான் தட்டு இருக்கே. கல்யாணத்துக்கு எடுக்குறோம்ல.”

“கல்யாணம் முடிஞ்சதும் பொண்ணு புருஷனோட கெளம்பிப் போயிடுவா, கண்ணு. துக்கம் முடிஞ்சா இவ எங்க போவா? அதே வீட்லதான கெடக்கணும். அத்தனை தட்டையும் யாரு கழுவுறது?”

“நான் கழுவுறேன். வின்னி இருக்கா துணைக்கு. ஒரு தட்டுகூட ட்வைலா கைக்குப் போகாது. நீங்க என்னை நம்புங்க.”

ஆர்டெல்லா கத்தியைத் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்தாள். “டென்னி சொந்தக்காரங்க டென்னஸியிலேர்ந்து வர்றாங்க. கூட்டம் கொஞ்சநஞ்சமா இருக்காது.”

“இருக்கட்டும்.”

“உன் நல்ல மனசு யாருக்கு வரும்” என்றாள் ஆர்டெல்லா.

கேலவேயில் இந்தச் சொல்லைப் பாராட்டாக எடுத்துக்கொள்பவர்கள் வெளியூர்க்காரர்கள்தான். கோரினுக்கு அது தெரியும். தெரிந்தும் அன்று அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

ட்வைலாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டாள். கேட்டது தப்பில்லை, கேட்ட நேரம்தான் தப்பு. ட்வைலா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து டென்னியின் இரண்டு டைகளை மடியில் வைத்திருந்தாள். அவனிடம் இருந்ததே இரண்டுதான்.

“ஏய், ஒண்ணு கேக்கணும். சாப்பாட்டுக்கு நல்ல தட்டா வெச்சுக்கலாமா? டென்னிக்கு ஒரு மரியாதையா இருக்கும்.”

“நீலமா, பழுப்பா?” என்றாள் ட்வைலா.

“என்னது?”

“டை.”

“நீலம்.”

ட்வைலா நீல டையைக் கையில் சுற்றிக்கொண்டாள். “தட்டு உன் இஷ்டம்டீ. நீ பாத்துக்குவல்ல?” என்றாள்.

“நான் பாத்துக்குறேன்.”

அடக்கத்தன்று காற்றே இல்லை. ட்வைலா வீட்டு முற்றத்தில், பீக்கன் கொட்டை மரங்களுக்குக் கீழே மேசைகள் போட்டு வெள்ளை விரிப்பு விரித்திருந்தாள் கோரின். ராய்ஸின் வண்டியில் பெட்டி பெட்டியாக வந்த பீங்கான் தட்டுகள், கண்ணாடி ஜாடிகளில் ஐஸ் டீ, மடித்து வைத்த துணிக் கைக்குட்டைகள். யாரும் வருவதற்கு முன் அவள் அந்த மேசைகளைப் படம் பிடித்துத் தன் பக்கத்தில் போட்டாள். மரத்தின் நிழல் விரிப்பின்மீது சல்லடையாக விழுந்திருந்தது. அழகாகத்தான் இருந்தது.

வந்தவர்களுக்கு அது பிடிபடவில்லை. டென்னியின் பெரியப்பா தட்டைக் கையில் தூக்கி எடைபோட்டுப் பார்த்தார்.

“யாரு வீட்டுக் கல்யாணம்ப்பா இது?”

“மெதுவாப் பேசுங்க” என்றாள் அவர் மனைவி.

“இல்ல, தட்டு கனக்குது. கோழி கனக்குதா தட்டு கனக்குதான்னு தெரியல. கீழ போட்டா யாரு காசு குடுக்குறது?”

கோரின் காதில் விழாததுபோல் நகர்ந்தாள். முதல் பந்தியின் தட்டுகளை அவளும் வின்னியும் கழுவினார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றும் சுறுசுறுப்பு அவள் கைகளில் இருந்தது. இரண்டாவது பந்தி முடிவதற்குள் வெந்நீர் தீர்ந்தது. மீண்டும் தண்ணீர் சூடேறும்வரை காத்திருக்கவேண்டும். வின்னி தன் வயதுப் பெண்களோடு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விட்டாள். கோரின் ஃபோனை எடுத்துப் பார்த்தாள்.

மேசைகளின் படத்தை எத்தனையோ பேர் பார்த்திருந்தார்கள். ‘துக்கத்திலும் பூமியை மறக்காத ஊர்’ என்று யாரோ ஒருத்தி எழுதியிருந்தாள். சோப்பு செய்யும் ஒரு கம்பெனியிலிருந்து ஒருத்தி, பாத்திரம் கழுவும் படம் ஏதாவது இருக்குமா, சேர்ந்து வேலை செய்யலாமா என்று கேட்டிருந்தாள். ஃபோன் அணையும் நிலையில் இருந்தது. கோரின் காருக்குள் போய் ஏசியைப் போட்டு, ஃபோனைச் சார்ஜில் சொருகி உட்கார்ந்தாள். ஒருத்திக்குப் பதில் எழுதினாள். இன்னொருத்தி துணிக் கைக்குட்டையில் கறை எப்படிப் போகும் என்று கேட்டாள். அதற்கும் எழுதினாள். தண்ணீர் சூடாகட்டும் என்று நினைத்துக்கொண்டாள். அதை நினைத்துக்கொண்டே இருந்தாள்.

தலையை நிமிர்த்தியபோது முற்றத்திலிருந்த வண்டிகள் போயிருந்தன. வெயில் சரிந்து மஞ்சளாகியிருந்தது. மேசைகளில் ஒரு தட்டுகூட இல்லை.

சமையலறை வாசலில் வந்து நின்றாள். ட்வைலா தொட்டியின் முன் நின்று கழுவிக்கொண்டிருந்தாள். கறுப்பு உடையின் கைகளை முழங்கைக்கு மேல் ஏற்றிவிட்டிருந்தாள். காலில் செருப்பில்லை. ஜன்னல் வெளிச்சம் அவள் பிடரியில், ஈரக் கைகளில், அடுக்கிய தட்டுகளின் விளிம்பில் விழுந்திருந்தது. பக்கத்தில் ஆர்டெல்லா துணியால் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான்.

கோரின் அப்போது செய்தது இதுதான்: ஃபோனைத் தூக்கி ஒரு படம் எடுத்தாள். பிறகுதான், “விடுடீ, நான் கழுவுறேன்” என்றாள்.

“முடிஞ்சுருச்சு” என்றாள் ட்வைலா, திரும்பாமலே.

ஆர்டெல்லா கடைசித் தட்டைத் துடைத்தாள். ஒருதரம் துடைத்தது போதாதென்று இன்னொருதரம் துடைத்தாள். கோரினைப் பார்க்கவில்லை.

அந்தப் படத்தை அவள் உடனே போடவில்லை. நாலைந்து நாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்க்கப் பார்க்க அது தன் குற்றத்தின் படமாகத் தெரியாமல், தான் இவ்வளவு காலம் எழுதி எழுதிச் சொல்ல முயன்ற ஏதோ ஒன்றின் படமாகத் தெரிந்தது. ‘கணவனை மண்ணுக்குக் கொடுத்த நாளிலும் ஒரு தட்டைக்கூடக் குப்பைக்குக் கொடுக்காத என் தோழி’ என்று எழுதிப் பதிவிட்டாள். அதில் பொய்யில்லை என்று சொல்லிக்கொண்டாள். அது பரவிய வேகத்தில் அவளுக்கே மூச்சு முட்டியது. சோப்புக் கம்பெனிக்காரி படத்தைக் கேட்டாள். கோரின் சரி என்று எழுதிவிட்டாள்.

ட்வைலாவின் பெயர் மட்டும் கீழே வரவில்லை. கோரின் காபியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். ஆறிப்போன காபியைக் கொட்டினாள்.

“அவகிட்ட கேட்டியா?” என்றான் ராய்ஸ், பூட்ஸை மாட்டிக்கொண்டே.

“முகம் பாதிதான் தெரியுது.”

“நான் முகத்தப் பத்திக் கேக்கல.”

“அவ எனக்கு எதையும் வேணாம்னு சொன்னதே இல்ல, ராய்ஸ்.”

அவன் பூட்ஸ் கயிற்றை இழுத்துக் கட்டினான். “அதான் கேட்டேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

சனிக்கிழமை ட்வைலாவே வந்தாள். கோரின் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ட்வைலா கூடையிலிருந்து ஒரு விரிப்பின் மறுமுனையை எடுத்துப் பிடித்தாள். இருவரும் உதறி, கயிற்றில் போட்டார்கள். மழை வரும்போல் இல்லை என்றாள் ட்வைலா. இந்த வருஷம் பீக்கன் காய்ப்பது சந்தேகம்தான் என்றாள் கோரின். கேலவேயில் எந்தப் பேச்சும் வானத்திலிருந்துதான் இறங்கி வரும். அது இறங்கும்வரை கோரின் காத்திருந்தாள்.

“அன்னைக்கு எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும்னு இருந்துச்சு” என்றாள் ட்வைலா. விரிப்பின் சுருக்கத்தைக் கையால் நீவிக்கொண்டே பேசினாள். “எல்லாரும் போனதும் டென்னியோட தலகாணியில மூஞ்சிய வெச்சுப் படுக்கணும். அவன் தலைமுடி வாசம் அதுல இருந்துச்சு. மூணு நாளா நான் அந்தப் பக்கம் படுக்கவே இல்ல, அது போயிடக் கூடாதுன்னு. சமையக்கட்டு வழியா போறேன், தட்டெல்லாம் ஈ மொய்ச்சுக் கெடக்கு. என் மாமியார் எந்திரிச்சு வந்து தொட்டிகிட்ட நிக்கிறாங்க. புள்ளையப் பறிகொடுத்தவங்க. அவங்களக் கழுவ விட முடியுமா? சொல்லு.”

கோரின் கூடையிலிருந்து அடுத்த துணியை எடுத்தாள்.

“ஜன்னல் வழியா பாத்தேன். நீ கார்ல இருந்த. ஃபோனப் பாத்து சிரிச்சுக்கிட்டிருந்த.”

“சிரிக்கலடீ. நான்...”

“சரி. சிரிக்கல.”

தூரத்தில் எங்கோ ஒரு புல்வெட்டும் இயந்திரம் ஓடி நின்றது.

“கழுவி முடிச்சிட்டு ரூமுக்குப் போறேன்” என்றாள் ட்வைலா. “டென்னஸிக்காரிங்க யாரோ ஒத்தாசை பண்றேன்னு கட்டில் துணியெல்லாம் உருவித் துவைக்கப் போட்டுட்டாங்க. நீ குடுத்த சோப்புத்தூள் இருந்துச்சுல்ல, ஜாடியில. அதப் போட்டு. எந்த வாசத்தையும் மிச்சம் வைக்காதுன்னு எழுதுவியே. நெஜந்தான்டீ. ஒண்ணும் மிச்சம் வைக்கல.”

கோரின் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ‘மன்னிச்சிரு’ என்று சொல்ல வாயைத் திறந்தாள். ட்வைலா கையை உயர்த்தித் தடுத்தாள்.

“அது நடந்துபோச்சு. அதுக்கு உன்மேல எனக்குக் கோவமில்ல. கோவப்பட எனக்கு இப்ப சத்துமில்ல. அந்தப் படத்த மட்டும் எடுத்துடு. சத்தமில்லாம எடுத்துடு. அதப் பத்தி ஒரு வார்த்தை எழுதாத, யாருகிட்டயும் சொல்லாத. நாளைக்கு சர்ச்சுல பழையபடி உன் பக்கத்துல வந்து உக்காந்துக்கிறேன். எனக்கு உக்கார வேற எடம் ஏது?”

“எடுத்துடுறேன்.”

“ஒரு வார்த்தை எழுதாத.”

“எழுதல.”

அவள் போனதும் கோரின் முதலில் செய்ய வேண்டியதைச் செய்தாள். படத்தை நீக்கினாள். சோப்புக் கம்பெனிக்கு முடியாது என்று எழுதினாள். அந்த ஒரு பொழுது அவள் நல்லவளாகவே இருந்தாள். மறுநாள் ட்வைலா சொன்னபடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பாட்டுப் புத்தகத்தை இருவரும் சேர்த்துப் பிடித்தார்கள். ட்வைலாவின் கட்டைவிரல் தோல் உரிந்திருந்தது.

ஆனால் இணையத்தில் கேள்விகள் நிற்கவில்லை. படம் எங்கே? ஏன் நீக்கினாய்? அந்தப் பெண் நலமா? அந்தக் கேள்விகளைவிட, உள்ளே இருந்த பாரம்தான் அவளைப் படுத்தியது. ட்வைலா அதை மன்னிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. நடந்துபோச்சு என்று கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள். கோரினுக்கு அப்படி வைக்கத் தெரியவில்லை. அவள் வளர்ந்த சர்ச்சில் பாவம் செய்தவர்கள் எல்லோரும் பார்க்க பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துபோய், முன்னால் நின்று, வாய்விட்டுச் சொல்வார்கள். பதினாறு வயதில் அவளும் நடந்திருக்கிறாள். மாமாவின் வண்டியை எடுத்துக்கொண்டுபோய் மோதியதைச் சொல்லி அழுதபோது சபையே எழுந்துவந்து கட்டிக்கொண்டது. பிரசங்கியாரின் மனைவி தன் உடையில் இருந்த பூ ஊசி குத்துவதையும் மறந்து அவளை மார்போடு இறுக்கினாள் என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். அந்த ஊசியின் வடு கோரினின் கன்னத்தில் சின்னதாக இருக்கிறது. அந்த வலிகூட அன்று இனித்தது. எல்லோர் முன்னாலும் சொல்லாத பாவம் போகாது என்பது அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே ரத்தத்தில் ஊறியிருந்தது.

வியாழக்கிழமை எழுதினாள். ட்வைலாவின் பெயரை எழுதவில்லை. அந்தக் கவனம் போதும் என்று நினைத்துக்கொண்டாள். தான் தந்த வாக்கை எழுதினாள், காருக்குள் உட்கார்ந்ததை எழுதினாள், வாசலில் நின்று படம் எடுத்ததை எழுதினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நிறுத்தினால் பாதி மன்னிப்புதானே கேட்டதாக ஆகும் என்று தோன்றியது. தலையணையை எழுதினாள். தலைமுடி வாசத்தை எழுதினாள். தன் கையால் செய்த சோப்புத்தூள் அந்த வாசத்தைக் கடைசிவரை துடைத்ததை எழுதினாள். எழுதும்போது தேம்பித் தேம்பி அழுதாள். வாழ்நாளில் அவள் எழுதியதிலேயே அதுதான் நல்ல எழுத்து. ட்வைலாவிடம் சொன்ன ‘எழுதல’ என்ற வார்த்தை நினைவுக்கு வராமலில்லை. வந்தது. இதைப் படித்தால் அவளுக்கே புரியும் என்று அதற்குப் பதில் சொல்லிக்கொண்டு பதிவிட்டாள்.

சபை எழுந்து வந்தது. கேலவே சபை மாதிரி ஆயிரம் சபை. உலகத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டார்கள். ‘எவ்வளவு தைரியம்’ என்றார்கள். ‘நானும் இப்படித்தான்’ என்றார்கள். சாயங்காலம்வரை கோரின் மிதந்துகொண்டிருந்தாள்.

அவர்களில் சிலருக்குக் கட்டிக்கொண்டது போதவில்லை. ஊரும் தெரியும், பழைய படமும் பலர் ஃபோனில் இருந்தது. இறந்தவன் ஏசி மெக்கானிக் என்பதும் தெரியும். தேடிப்பிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. டென்னியின் தொழிலுக்கென்று ஒரு பக்கம் இணையத்தில் இருந்தது. அவன் போனபின் ட்வைலா அதை மூடவில்லை. ஊர்க்காரர்கள் அதில் எழுதிக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்துமஸ் அன்று வந்து ஹீட்டரைச் சரிசெய்துவிட்டு ஒரு துண்டு கேக் மட்டும் வாங்கிக்கொண்டு போனான் என்று ஒருவர். பூனை குழாய்க்குள் மாட்டிக்கொண்டபோது அரைநாள் அதோடு பேசிக்கொண்டே வெளியே எடுத்தான் என்று இன்னொருவர். ட்வைலா தினமும் காலையில் அதைப் படிப்பாள் என்பது கோரினுக்குத் தெரியும்.

இப்போது அங்கே வேறு ஆட்கள் வந்து எழுதினார்கள். ‘உங்கள் தோழியை மன்னித்துவிடுங்கள், அவள் மனம் தங்கம்.’ ‘வன்மம் உங்களைத்தான் தின்னும்.’ ‘அலமாரியில் துவைக்காத சட்டை இருக்கும், தேடிப்பாருங்கள்.’ வாசனைத் திரவம் விற்கும் ஒருத்தி, கணவனின் வாசத்தை அப்படியே செய்து தர முடியும் என்று விலாசம் கொடுத்திருந்தாள். பூனையும் கிறிஸ்துமஸ் கேக்கும் அடியில் எங்கோ புதைந்துபோயின.

கோரின் பதறித் தன் பதிவை நீக்கினாள். அங்கே எழுதாதீர்கள் என்று ஒரு வேண்டுகோள் எழுதினாள். அதைப் படித்துவிட்டு இன்னும் கொஞ்சம் பேர் அங்கே போனார்கள். வெள்ளிக்கிழமை மதியம் தேடியபோது டென்னியின் பக்கம் இல்லை.

அவள் ட்வைலா வீட்டுக்கு நடந்தாள். கதவைத் திறந்தது ஆர்டெல்லா.

“தூங்குறா” என்றாள்.

“நான் வெளிய உக்காந்திருக்கேன். எந்திரிச்சதும்...”

“வேணாம், கண்ணு.”

“நான் மன்னிப்புதானே கேட்டேன், மிஸ் ஆர்டெல்லா? எல்லார் முன்னாடியும் கேட்டேனே.”

வலைக்கதவுக்கு அப்பால் ஆர்டெல்லாவின் முகம் சரியாகத் தெரியவில்லை.

“அவகிட்ட கேட்டியா?” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கோரின் சீக்கிரமாகவே போய் தங்கள் பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டு வைத்தாள். ராய்ஸ் அந்த இடத்தில் உட்காரப்போனபோது கையை வைத்து மறித்தாள். அவன் வின்னியைக் கூட்டிக்கொண்டு பின் வரிசைக்குப் போனான். ட்வைலா ஆர்டெல்லாவோடு வந்து மறுபக்கத்தில் உட்கார்ந்தாள். பாட்டுப் பாடி, பிரசங்கம் முடியும்வரை அந்தப் பக்கம் திரும்பாமலிருக்க கோரின் முயன்றாள்.

முடிந்ததும் வாசலுக்கு ஓடினாற்போல் போய்க் காத்திருந்தாள். திட்டட்டும் என்று நினைத்தாள். எல்லோர் முன்னாலும் திட்டட்டும். கன்னத்தில் அறைந்தாலும் வாங்கிக்கொள்ளலாம். கேலவேயில் மனிதர்கள் சண்டை போடுவது பிறகு சேரப்போகிறவர்களோடுதான்.

ட்வைலா அவளைப் பார்த்ததும் ஒதுங்கவில்லை. நேராக வந்து லேசாக அணைத்துக்கொண்டாள். முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

“இந்தக் கலர் உனக்கு நல்லா இருக்கு, கோரின்” என்றாள். “வின்னி வளந்துட்டா. ராய்ஸைக் கேட்டதாச் சொல்லு.”

“ட்வைலா.”

“வெயில் கொறையவே மாட்டேங்குது, பாரேன். ஒரு மழை பெஞ்சா தேவல.”

புன்னகை சரியாக இருந்தது. இன்ஷூரன்ஸ்காரரிடம், வழி கேட்டு வண்டியை நிறுத்தும் சுற்றுலாக்காரர்களிடம் காட்டும் அதே புன்னகை. கோரின் வானத்தைப் பார்த்தாள். பேச்சு அங்கிருந்து இறங்கி வருமென்று காத்திருந்தாள். அது இறங்கவில்லை. ட்வைலா அவள் கையை மெல்ல அழுத்திவிட்டு, அடுத்து நின்ற கிழவரிடம் அவருடைய முழங்காலைப் பற்றி விசாரித்தபடி படியிறங்கிப் போனாள்.

கோரின் அங்கேயே நின்றாள். இனி எத்தனை ஞாயிற்றுக்கிழமை வந்தாலும் தனக்குக் கிடைக்கப்போவது இந்த மரியாதைதான் என்று அவளுக்குத் தெரிந்தது. அழுகை வரும் என்று நினைத்தாள். அழுகைக்கு முன்னால் ஒரு வாக்கியம் வந்தது. தோழி திட்டுவதை நிறுத்தும்போதுதான் அவளை இழந்துவிட்டோம் என்று தெரிகிறது, என்று அது தொடங்கியது. எங்கே நிறுத்த வேண்டும், எந்த வார்த்தையை அடுத்த வரிக்குத் தள்ள வேண்டும் என்பதெல்லாம் அதுவே தெரிந்துகொண்டு வந்தது.

வேண்டாம் என்று தலையை உதறினாள். அது போகவில்லை. நல்ல வாக்கியமாக இருந்தது.